செல்லூர் கண்மாயைச் சுத்தி வாக்கிங் போக முடியுமா?

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் நோட்டுகள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தது: "ப்ரோ, மதுரையில நிம்மதியா ஒரு மணி நேரம் நடக்கணும்னா எங்க போறது?"

சுருக்கமான பதிலை முதல்லயே சொல்லிடுறேன். தெப்பக்குளம் போங்க. ஒரு பக்கம் சுமார் 305 மீட்டர், இன்னொரு பக்கம் 290 மீட்டர். அப்போ ஒரு ரவுண்டு கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர், அஞ்சு ரவுண்டு போனா ஆறு கிலோமீட்டர். போன்ல ஆப் இல்லாமலே கணக்கு வெச்சுக்கலாம். காலையில அஞ்சரைக்குப் போயிடுங்க. சாயங்காலம் போனா வாக்கிங்கை விட பஜ்ஜி, சுண்டல்தான் அதிகம் நடக்கும். தல்லாகுளம் பக்கம் இருக்கீங்கன்னா எக்கோ பார்க், ராஜாஜி பூங்கா, காந்தி மியூசியம் வளாகத்து மர நிழல் இருக்கு. அந்தப் பக்கம் ரேஸ் கோர்ஸ் ஸ்டேடியம். கே.கே. நகர், அண்ணா நகர்க்காரங்களுக்கு வண்டியூர் கண்மாய். ஊரை விட்டு வெளியே போகணும்னா கீழக்குயில்குடி சமணர் மலை, அடிவாரத்துல தாமரைக் குளமும் ஆலமரமும். கூட்டமா, பேசிக்கிட்டே, கல்வெட்டு பார்த்துக்கிட்டே நடக்கணும்னா எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் ஆரம்பிச்ச பசுமை நடை இருக்கு.

கேள்விக்குப் பதில் முடிஞ்சது. ஆனா இந்த லிஸ்ட்ல எங்க செல்லூர் இல்ல, கவனிச்சீங்களா? எனக்கு அதுதான் உறுத்துது. கபடி வீரர்கள் சிலை நிக்கிற ரவுண்டானாவுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு பெரிய நீர்நிலை இருக்கு, செல்லூர் கண்மாய். அங்க யாரும் வாக்கிங் போறதில்ல. குளமங்கலம் ரோட்டுல போறவங்கள்ல பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தாண்டுறாங்க. இன்னும் பாதிப் பேருக்கு அங்க ஒரு கண்மாய் இருக்கிறதே தெரியாது. 2024 அக்டோபர் 25 அன்னைக்கு சாயங்காலம் எல்லாருக்கும் தெரிஞ்சது.

அந்த நாளைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, கண்மாய்னா என்னன்னு ஒரு அஞ்சு நிமிஷம். இது தெரியாம அது புரியாது.

நம்ம ஊர்ல தண்ணி நிக்கிற எல்லா இடமும் ஒண்ணு இல்ல. ஊருணி குடிக்கிறதுக்கு. தெப்பக்குளம் கோயிலுக்கு. கண்மாய் பாசனத்துக்கு. திருநெல்வேலிப் பக்கம் பாசனக் கண்மாயையே குளம்னு சொல்வாங்க, செங்கல்பட்டுப் பக்கம் போனா ஏரிம்பாங்க. பேர் வேற, டிசைன் ஒண்ணுதான். சரிவான நிலத்துல, தாழ்ந்த பக்கம் மட்டும் பிறை வடிவத்துல ஒரு கரை போடுவாங்க. மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். அங்க இருந்துதான் வரத்துக்கால் வழியா மழைத்தண்ணி உள்ள வரும். கரையில மடை இருக்கும், அதைத் திறந்தா வயலுக்குத் தண்ணி. கரையோட ஒரு ஓரத்துல கலுங்கு இருக்கும். கண்மாய் நிரம்பினா கரை உடையறதுக்கு முன்னாடி தண்ணி அந்தக் கலுங்கு வழியா வெளியேறும். அதைத்தான் "மறுகால் போகுது"ன்னு சொல்றோம். அப்படிப் போற தண்ணி வீணாப் போகாது, கீழ இருக்கிற அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினா அதுக்கு அடுத்தது. கடைசியில ஆறு.

நம்ம மாதிரி கோட் எழுதுறவங்களுக்கு இது ஈஸியா புரியும். வரிசையா பஃபர், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓவர்ஃப்ளோ, கடைசியில ஒரு எக்ஸிட். திடீர்னு டிராஃபிக் ஏறினா முதல் பஃபர் தாங்கும், அது வழிஞ்சா ரெண்டாவது தாங்கும். மொத்த லோடும் ஒரே நேரத்துல கடைசி சர்வர் மேல விழாது. வருஷத்துல சில வாரம் மட்டும் கொட்டித் தீர்க்கிற வடகிழக்குப் பருவமழையை மாசக்கணக்குல பிரிச்சுச் செலவு பண்ணுறதுக்காக, நம்ம சமவெளியில பல நூற்றாண்டா ஓடிக்கிட்டு இருந்த சிஸ்டம் இது. ஒரே வித்தியாசம், இதுக்கு டாக்குமென்டேஷன் கிடையாது. நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர்னு ஊருக்கு ஒரு ஆள் இருந்தாங்க. எந்த மடையை எப்போ எவ்வளவு திறக்கணும்கிறது அவங்க தலையில இருந்தது.

இந்தச் சங்கிலி நகரத்துக்குள்ள வரும்போது என்ன ஆச்சு? பஸ்ல போகும்போது ஸ்டாப் பேரைக் கேளுங்க. தல்லாகுளம், பீபீகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், தத்தனேரி, உலகனேரி. குளமும் ஏரியும் பேர்ல மட்டும் மிச்சம். தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்துலதான் இப்போ மாநகராட்சிக் கட்டடம், அறிஞர் அண்ணா மாளிகை. உலகனேரி கண்மாய்ப் பகுதியிலதான் 2004 ஜூலையில திறந்த உயர் நீதிமன்றக் கிளை. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் எல்லாம் அந்தக் கட்டடத்துலதான் விசாரணைக்கு வருது. இதுக்கு மேல நான் கமெண்ட் பண்ணல.

செல்லூர் கண்மாய் தப்பிச்சது, ஆனா முழுசாத் தப்பிக்கல. வடக்கே ஆனையூர், ஆலங்குளம் பக்கத்துக் கண்மாய்கள் நிரம்பினா உபரி இங்கதான் வரும். இங்க இருந்து தண்ணி வைகைக்குப் போகணும். செல்லூர் கண்மாய்க்குக் கீழ இருந்த வயலெல்லாம் தெருவாகவும் வீடாகவும் மாறி ரொம்ப வருஷம் ஆச்சு. ஆயக்கட்டே இல்லாத பாசனக் கண்மாய்! மடையைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கப் போறதில்ல, தூர் வாரச் சொல்லிச் சண்டை போடவும் யாரும் இல்ல. சாக்கடை சேர்ந்தது, ஆகாயத்தாமரை மூடிச்சு. பச்சையா இருந்ததால தூரத்துல இருந்து பார்த்தா மைதானம் மாதிரிகூட தெரியும்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை. மதியம் மூணு மணிக்கு ஆரம்பிச்சது. முதல் பதினஞ்சு நிமிஷத்துல மட்டும் 4.5 செ.மீ. மழை. அன்னைக்கு மொத்தம் 9.8 செ.மீ. கேட்க சின்ன நம்பர் மாதிரி இருக்கும், ஸ்கேல்ல பத்து சென்டிமீட்டர் எவ்வளவு இருக்கப் போகுது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர்ல 4.5 செ.மீ. மழைன்னா 4 கோடியே 50 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில பிடிச்சா 3,750 லாரி. அது பதினஞ்சு நிமிஷத்துல, அதாவது 900 வினாடியில விழுந்தா, வினாடிக்கு 50,000 லிட்டர். செய்தியில சொல்ற பாஷையில சொன்னா வினாடிக்கு சுமார் 1,750 கன அடி. வைகை அணையில அந்த அளவுக்குத் தண்ணி திறந்தா டிவியில "கரையோர மக்களுக்கு எச்சரிக்கை"ன்னு ஸ்க்ரோல் ஓடும். அதே அளவு தண்ணி இங்க ஒவ்வொரு சதுர கிலோமீட்டர்லயும் வானத்துல இருந்து நேரா விழுந்திருக்கு.

முன்னாடி இதுல நல்ல பங்கை மண்ணு குடிச்சிருக்கும். இப்போ சிமென்ட் ரோடு, பேவர் பிளாக், மொட்டை மாடி. முக்கால்வாசி ஓடி வரும்னு வெச்சாலும் வினாடிக்கு 1,300 கன அடிக்கு மேல. வாங்கிக்க வேண்டிய கண்மாயோ ஏற்கெனவே நிரம்பி இருக்கு. பீபீகுளம், நரிமேடு வழியா வந்து செல்லூரைத் தாண்டி வைகையில சேர்ற பந்தல்குடி கால்வாய்ல பிளாஸ்டிக்கும் சேறும். தண்ணிக்கு மிச்சம் இருந்த ஒரே வழி தெருதான். கட்டபொம்மன் நகர், குளமங்கலம் ரோடு, செல்லூர் மெயின் தெருக்கள் எல்லாம் அதுதான் நடந்தது. எங்க தெருவுல கீழ் வீட்டு அக்கா தறிக்கு வெச்சிருந்த நூல் கட்டை எல்லாம் தூக்கிக்கிட்டு எங்க மாடிக்கு வந்தாங்க. "தம்பி, தண்ணி மேல இருந்து வரல, பின்னாடி இருந்து வருது"ன்னாங்க. ஹைட்ராலஜி படிக்காத ஆள். ஆனா சிஸ்டம் எங்க ஃபெயில் ஆச்சுன்னு ஒரே வரியில சொல்லிட்டாங்க. மழை கூரையில இருந்து ஒழுகல, போக வேண்டிய இடத்துக்குப் போக முடியாம திரும்பி வருது.

அந்த வெள்ளத்துக்கு அப்புறம் அரசு செல்லூர் கண்மாய்ல இருந்து வைகை வரைக்கும் 290 மீட்டர் நீளத்துக்கு சிமென்ட் கால்வாய் கட்ட 11.9 கோடி ரூபாய் ஒதுக்கிச்சு. அந்த நம்பரை இன்னொரு தடவை படிங்க. 290 மீட்டர். தெப்பக்குளத்தோட ஒரு பக்கக் கரை நீளம்தான். கண்மாய்க்கும் ஆத்துக்கும் நடுவுல நிக்கிற அந்தச் சின்னத் தூரத்துல ஒழுங்கான வழி இல்லாததுதான் பல ஆயிரம் வீட்டுக்குப் பிரச்சனை. 2025 மே மாசக் கடைசியில முதலமைச்சர் ரோடு ஷோ வந்தப்போ, போற வழியில பந்தல்குடி கால்வாய் தெரியாதபடி துணி கட்டி மறைச்சது பெரிய செய்தியாச்சு. அப்புறம் அவரே போய்க் கால்வாயைப் பார்த்தார். துணி கட்டினவங்களுக்கு ஒரு விதத்துல நன்றி சொல்லணும். அவங்க மறைச்சிருக்கலைன்னா தமிழ்நாடு முழுக்க அந்தக் கால்வாய் பேர் தெரிஞ்சிருக்காது.

செல்லூர்னு சொன்னதுமே உங்கள்ல பாதிப் பேர் மனசுல தெர்மாகோல் வந்திருக்கும், எனக்குத் தெரியும். அதையும் பேசிடுவோம். 2017 ஏப்ரல்ல அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜூ வைகை அணையில ஆவியாதலைக் குறைக்க தெர்மாகோல் ஷீட்டை மிதக்க விட்டார், காத்து அதைக் கரைக்குத் தள்ளிடுச்சு, மீம் இன்னும் ஓடுது. ஆனா ஆவியாதல் நிஜமான பிரச்சனைதான். லாஸ் ஏஞ்சலஸ்ல 2015ல ஒரு நீர்த்தேக்கத்துல 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்தை மிதக்க விட்டாங்க. அங்க முக்கியக் காரணம் தண்ணியோட தரம், கூடவே ஆவியாதலும் குறையும்னு சொன்னாங்க. பந்துக்குள்ள தண்ணி இருந்ததால காத்துல பறக்கல. ஐடியா கேலிக்குரியது இல்ல, எக்ஸிக்யூஷன்தான் சொதப்பல். போதும், வாக்கிங்குக்கு வருவோம்.

"கண்மாயைச் சுத்தப்படுத்தி, சுத்தி ஒரு நடைபாதை போட்டு, லைட் போட்டா எல்லாம் சரியாகிடுமே?" இதுதான் இப்போ எல்லா ஊர்லயும் ஓடுற டெம்ப்ளேட். கோயம்புத்தூர் உக்கடம் பெரியகுளம் போயிருப்பீங்க, ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல கரையை எடுத்துக் கட்டினாங்க, சாயங்காலம் ஊரே அங்கதான். மதுரையிலயே வண்டியூர் கண்மாய்க்கு மாநகராட்சி சுமார் 50 கோடி ரூபாய்ல மேம்பாட்டுத் திட்டம் போட்டுச்சு. நடைபாதை, படகு, குழந்தைகள் விளையாடுற இடம் எல்லாம் அதுல உண்டு.

எனக்கு இதுல ஆசையும் பயமும் ரெண்டும் இருக்கு. பயத்தை முதல்ல சொல்றேன்.

கண்மாய்க்குக் கரை ஒரு பக்கம்தான்னு சொன்னேன் இல்லையா? நடைபாதை சுத்திச் சுத்தி வரணும்னா நாலு பக்கமும் கரை வேணும். மேட்டுப் பக்கத்துலயும் மண்ணைக் கொட்டி உயர்த்துறாங்க. அப்போ வரத்துக்கால் எங்க போகும்? சரியா பாலம், குழாய் விட்டுக் கட்டலைன்னா வர்ற தண்ணிக்கு நடைபாதையே அணை. உள்ள இருக்க வேண்டிய தண்ணி வெளியே, வெளியே இருக்கிற தெருவுல நிக்கும். பெங்களூருல இந்த மாதிரி ஏரிகளை "சூப் கிண்ணம்"னு திட்டுறாங்க. சுத்திச் செங்குத்தா கரை, நடுவுல ஆழமாத் தோண்டின தண்ணி, பார்க்க அழகு. ஆனா ஓரத்துல இருந்த ஆழமில்லாத சதுப்பு போயிடும். நாரை, கொக்கு, உள்ளான் எல்லாம் அந்த ஆழமில்லாத ஓரத்துலதான் நடந்து இரை எடுக்கும். நமக்கு நடைபாதை போட அதுங்க நடைபாதையை எடுத்துடுறோம்.

அடுத்த பயம், பூங்கா ஆனதும் கண்மாய் எப்பவும் நிரம்பியே இருக்கணும்னு ஆசைப்படுவோம். போட்டிங் விடணுமே! ஆனா வெள்ளத்தைத் தாங்கணும்னா மழைக்கு முன்னாடி பஃபர் காலியா இருக்கணும். எப்பவும் 95 சதவீதம் ஃபுல்லா இருக்கிற பஃபரால என்ன பிரயோஜனம்? அக்டோபர் முதல் வாரம் செல்லூர் கண்மாய்ல தண்ணி குறைவா, சேறு தெரியற மாதிரி இருந்தா, போட்டோவுக்கு நல்லா இருக்காது. ஆனா செல்லூருக்கு அதுதான் நல்லது.

தெப்பக்குளத்தை வெச்சு "அங்க முடிஞ்சது, இங்க ஏன் முடியாது"ன்னு கேட்கிறவங்களுக்கும் இதுதான் பதில். திருமலை நாயக்கர் 1645ல கட்டினது அது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த இடம்னு சொல்றாங்க, தோண்டும்போதுதான் முக்குறுணி விநாயகர் கிடைச்சார்னும் சொல்றாங்க. நாலு பக்கமும் கல் படி, நடுவுல மண்டபம், சதுரமான தொட்டி. அது வெள்ளத்தை வாங்குறதுக்காகக் கட்டினது இல்ல. வைகையில இருந்து கால்வாய் வழியா தண்ணி கொண்டு வந்து நிரப்புறதுக்காகக் கட்டினது. அந்தக் கால்வாய் அடைபட்டதால பல வருஷம் குளம் காய்ஞ்சு கிடந்தது. இப்போ முப்பதைத் தாண்டின மதுரைக்காரங்க எத்தனையோ பேர் அதுக்குள்ள கிரிக்கெட் விளையாடியிருக்காங்க. தைப்பூசத்துக்குத் தெப்பம் மிதக்காமலே திருவிழா நடந்த வருஷங்களும் உண்டு. பனையூர் கால்வாயைச் சரி பண்ணி ஆத்துத் தண்ணியை விட்டதும் குளம் நிரம்பிச்சு, வாக்கிங் கூட்டம் தானா வந்தது. பேவர் பிளாக்கோ செல்ஃபி பாயின்ட்டோ அதைக் காப்பாத்தல, அடைபட்ட ஒரு வாய்க்கால் திறந்ததுதான் காப்பாத்திச்சு. செல்லூருக்கு இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது வாய்க்கால் கதைதான், டிசைன் இல்ல.

இப்போ ஆசை. ஆயக்கட்டு போனதும் கண்மாய்க்குச் சொந்தக்காரங்க இல்லாமப் போயிட்டாங்கன்னு சொன்னேன். நீர்நிலையைப் பாதுகாக்கச் சட்டம் இருக்கு, 2007லயே தமிழ்நாட்டுல ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பு அகற்றச் சட்டம் வந்தாச்சு. ஆனா சட்டம் காலையில எழுந்து போய்ப் பார்க்காது. பெங்களூர் கைகொண்டரஹள்ளி ஏரியை 2009-க்கு அப்புறம் மீட்டப்போ, சுத்தி இருந்த குடியிருப்புக்காரங்க மாநகராட்சியோட உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டாங்க. அதுக்கப்புறமும் தினமும் நடக்கப் போறவங்கதான் கண்காணிச்சாங்க. புதுசா ஒரு குழாய்ல சாக்கடை விழுந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும். நேத்து இல்லாதது இன்னைக்கு இருந்தா தினமும் வர்ற ஆளுக்குத்தானே தெரியும்? இதுதான் மானிட்டரிங். டாஷ்போர்டு இல்ல, ஆனா தினமும் காலையில அம்பது பேர் லாக் படிக்கிறாங்க. பாசன விவசாயி செஞ்ச வேலையில ஒரு பங்கை வாக்கிங் போறவன் செய்ய முடியும்னு நான் நிஜமாவே நம்புறேன்.

அதனால செல்லூர் கண்மாய்க்கு நடைபாதை வேணுமான்னு கேட்டா, வேணும். கரை இருக்கிற பக்கம் மட்டும் போடுங்க. பிறை மாதிரிப் போய்த் திரும்பி வரலாம், வட்டமா சுத்தணும்னு எந்த டாக்டரும் சொல்லல. மேட்டுப் பக்கம் நாணலுக்கும் பறவைக்கும் விட்டுடுங்க. அதுக்கெல்லாம் முன்னாடி சாக்கடையைப் பிரிச்சாகணும், இல்லைன்னா லைட் போட்ட சாக்கடையைச் சுத்தித்தான் நடப்போம்.

நடைபாதை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு செல்லூர் ரவுண்டானாவுக்கு வாங்க. முதல்ல கண்மாய்க் கரை. அங்க மூணு விஷயம் தேடுங்க: தண்ணி எங்க உள்ள வருது, மடை எங்க இருக்கு, கலுங்கு எங்க இருக்கு. மூணுல ஒண்ணையாவது கண்டுபிடிக்க முடியலைன்னா அதையும் குறிச்சுக்கோங்க. அப்புறம் தண்ணி போற வழியிலயே தெருத் தெருவா தெற்கே நடங்க, பந்தல்குடி கால்வாயைப் பார்க்கலாம், கடைசியில வைகை வரும். வடகரை ரோட்டுல கிழக்கே திரும்பினா ஆத்துக்குள்ள மைய மண்டபம், அதைத் தாண்டி 1889ல திறந்த ஆல்பர்ட் விக்டர் பாலம். பாலத்து மேல நின்னு திரும்பிப் பாருங்க. கோரிப்பாளையம் பக்கம் இறங்கினா டீயும் பணியாரமும் கிடைக்கும். ஷூ போட்டுட்டு வாங்க, கண்மாய்க் கரையில கண்ணாடிச் சில்லு கிடக்கும். மழை பெய்ஞ்ச மறுநாள் கால்வாய் ஓரம் வேண்டாம், விளிம்பு வழுக்கும்.

இதையே உங்க ஏரியா கண்மாய்லயும் பண்ணிப் பாருங்க. மாடக்குளம், வண்டியூர், தென்கால், எதுவா இருந்தாலும் சரி. கலுங்கைக் கண்டுபிடிச்சீங்கன்னா ஒரு போட்டோவும், அது எந்தத் தெரு முனையில இருக்குன்னு ஒரு வாய்ஸ் நோட்டும் அனுப்புங்க. அக்டோபர் மழைக்கு முன்னாடி ஒரு மேப் போட்டுடலாம்.